காபிக் களத்தில் கயிறு இழுத்தவர்கள்

'அவுட்டிங்' என்பதற்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. இன்பச் சுற்றுலா. வருடத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதிப்போடுவார்கள்: மேட்டூர் அணை, இல்லாவிட்டால் ஏற்காடு. 'இன்ப' என்ற ஒட்டு இல்லாமல் சுற்றுலா என்ற சொல்லை அந்த வயதில் நான் பார்த்ததே கிடையாது. அப்போ துன்பச் சுற்றுலான்னு தனியா ஒண்ணு இருக்குதுங்களா சார் என்று வகுப்பில் ஒருவன் கேட்டு, முட்டிபோட்டான்.

இப்போது அதே ஏற்காட்டுக்கு பெங்களூரிலிருந்து வருகிறேன். மெயிலில் தேதி வரும், காலண்டரில் நீலக் கட்டமாக வந்து உட்காரும், கீழே எல்லாரும் கலந்துகொள்வது அவசியம் என்று ஒரு வரி. இன்பம் விடைபெற்று அவசியம் வந்துவிட்டது. பத்து வருட சர்வீஸில் இப்படி நான்கு முறை அந்த மலைக்குப் போயிருக்கிறேன். நான்கு முறையும் எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு மரவீடு, கேம்ப் ஃபயர், கயிறிழுக்கும் போட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு சக ஊழியரை நம்பிப் பின்னால் விழும் விளையாட்டு.

மல்லசமுத்திரத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் வடக்கே முதலில் தெரிவது கஞ்சமலை. மழை விட்ட காலை என்றால் அதற்கு வலப்பக்கம், இன்னும் தள்ளி, சேர்வராயன் மலை ஒரு நீலக்கோடாகத் தெரியும். எங்கள் அம்மாயி அதை மலை என்று சொல்ல மாட்டார். 'மேகம் எறங்கற எடம்' என்பார். அங்கே மேகம் இறங்கினால் இங்கே பருத்திக்கு ஆகாது என்பது அவருடைய வானிலை அறிக்கை. அவர் எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். ஒருமுறைகூட அந்த மலைக்குப் போனதில்லை. முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

ஏன் போகவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. ஜாலியாக ஒரு நாள் மலைக்குப் போவது என்பது யாருக்கு, எப்போது, எப்படிச் சாத்தியமானது? இரண்டு பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒன்று லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, இன்னொன்று ரிச்சர்ட்ஸ் 1918இல் கொண்டுவந்த கெசட்டியர். கூடவே கொஞ்சம் சட்டப் புத்தகம். படிக்கப் படிக்க மலையைவிட விடுமுறைதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

*

எங்கள் பக்கத்தில் ஊர்சுற்றலே இல்லை என்று சொன்னால் பொய். கட்டுச்சோறு இருந்தது. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை, வைகாசி விசாகத் தேருக்குத் திருச்செங்கோடு. தூக்குப்போசியில் புளிசோறு, இன்னொன்றில் தயிர்சோறு, மந்தாரை இலையில் தேங்காய்த் துவையல். மாட்டுவண்டி போய் டெம்போ வந்தபிறகும் தூக்குப்போசி மாறவில்லை. அம்மாயி 'போனது' என்றால் இதெல்லாம்தான். திருச்செங்கோட்டு மலைப்படிகளில் அறுபதாம்படி என்று ஓர் இடம் உண்டு, பழைய காலத்தில் வழக்கு வியாஜ்ஜியங்களில் அங்கே சத்தியம் செய்வார்கள். அந்தப் படியைத் தாண்டும்போது மட்டும் எங்கள் பெரியப்பா பேச்சை நிறுத்திவிடுவார். என்ன கணக்கு பாக்கியோ.

கவனித்தால், இந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் சாமி இருக்கிறது. சாமி இல்லாமல் சும்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் காற்று வாங்கப் போகிறேன் என்று யாரும் கிளம்பியதில்லை. ஆனால் சாமியைப் பார்க்க ஒரு நிமிஷம். மிச்ச நாள் முழுக்கத் தண்ணீரில் குதிப்பதும் சாப்பிடுவதும் சம்பந்திகளைக் கிண்டல் பண்ணுவதும்தான். பெருங்காப்பியம் என்றால் சோலையில் விளையாடுவதும் புனலாடுவதும் அதில் வர வேண்டும் என்று தண்டியலங்காரம் பட்டியல் போடுகிறது. அது அரசகுமாரர்களுக்கான பட்டியல். உழைக்கிற சனத்துக்கு அதே புனலாட்டம் ஆடிப்பெருக்கு என்ற பெயரில்தான் அனுமதியானது. கடவுள்தான் லீவு லெட்டர்.

இந்த வகையில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய ஏற்பாடு எடப்பாடிக்காரர்களுடையது. மல்லசமுத்திரத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான் எடப்பாடி. அங்குள்ள பருவதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்தபிறகு பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறார்கள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பழனி மலைமேல் இரவு யாரும் தங்கக் கூடாது. இவர்களுக்கு மட்டும் ஓர் இரவு தங்கும் உரிமை உண்டு. அங்கேயே டன் கணக்கில் வாழைப்பழத்தைப் பிசைந்து பஞ்சாமிர்தம் போடுகிறார்கள். யார் பழம் உரிப்பது, யார் வெல்லம் இடிப்பது, யார் முன்னாலேயே போய் இடம் பார்ப்பது என்று குழு குழுவாகப் பிரித்துச் செய்யும் வேலை அது. ஆயிரக்கணக்கான பேரை நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய், சோறு போட்டு, மலையுச்சியில் தூங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது. பதினான்கு பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் பிடிக்க எங்கள் டீமில் எழுபது மெசேஜ் ஓடுகிறது. இதை நினைத்து எனக்கு அடிக்கடி வெட்கமாக இருக்கும்.

*

சேர்வராயன் மலைக்கும் அதேபோல ஒரு சாமிக் காரணம் உண்டு. உச்சியில் குகைக்கோயில், குனிந்துதான் உள்ளே போக முடியும். சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து மலையாளிகள் வந்து கூடுவார்கள். கேரளத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலைவாசி. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்ததாகவும், பெரியவன் சேர்வராயனுக்கும் நடுவுளவன் கொல்லிமலைக்கும் சின்னவன் பச்சைமலைக்கும் போனதாகவும் அவர்களிடம் கதை இருக்கிறது. தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்திருக்கிறார். மூன்று மலைகளிலும் இன்றைக்கும் மலையாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுற்றுலா இடம் அல்ல. தினையும் சாமையும் விளைந்த வீடு.

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி கம்பெனிக்குக் கைமாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள், ரயத்துகளோடு நேரடியாக வரிக்கணக்குப் போட்டுப் பழகினார்கள். மலை அவர்களுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை; காய்ச்சல் பிடிக்கும் இடம். 1820 முதல் 1829 வரை கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் மலையை வேறு கண்ணால் பார்த்தவர். சேலத்தில் வெயில் கொளுத்தும்போது ஐயாயிரம் அடி உயரத்தில் சீமைக் குளிர். பேரி, ஆப்பிள், காபி என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார். காபி பிடித்துக்கொண்டது. ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். மலையாளிகளின் சேர்வராயன் அப்பனா அண்ணனா தெரியவில்லை, ஆனால் தந்தை பட்டம் ஸ்காட்லாந்துப் பெயர்க்காரருக்குப் போனது.

கிட்டத்தட்ட இதே வருடங்களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஐம்பது வருடத்துக்குள் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்குக் குடிபெயரும் வழக்கம் வந்துவிட்டது. ஃபைல்கள், குமாஸ்தாக்கள், கவர்னர், பியானோ எல்லாம் மலையேறின. ஒர்க் ஃப்ரம் ஹில்ஸ். ஏற்காட்டுக்கு அந்த அந்தஸ்து கிடைக்கவில்லை. தோட்டத்துரைகள், பாதிரிமார்கள், பென்ஷன் வாங்கிய அதிகாரிகள் இவர்களோடு நின்றுவிட்டது. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக்காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில்தான். 'ஏழைகளின் ஊட்டி' என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. எந்த ஏழை என்று யாரும் கேட்கவில்லை.

ஏனென்றால் மலைவாசஸ்தலம் என்ற யோசனையிலேயே சுமக்கிற ஆள் இருக்கிறார். மோட்டார் சாலைக்கு முந்தைய காலத்தில் துரைமாரும் துரைசானிகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்க, நான்கு பேரோ எட்டுப் பேரோ தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சாமான் தனிச் சுமை. 1861இல் ரயில் சேலத்துக்கு வந்தபிறகு சென்னையிலிருந்து வருவது எளிதானது. சூரமங்கலத்தில் இறங்கி அடிவாரம் வரை வண்டி, அதற்குமேல் மனிதத் தோள்தான். இன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை இருக்கும், டெம்போவில் எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். எட்டாவது வளைவில் யாராவது ஒருவருக்கு வாந்தி வரும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிவாரத்துக்கு முன்னால் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் வரும். அந்த வளைவு மட்டும் மிச்சம். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்துதான் வந்தது. எங்கள் வண்டி அதைத் தாண்டும்போது பெரும்பாலும் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒருவர் "ஓ, இஸ் இட்?" என்கிறார்.

காபி விரிய விரிய மலையாளிகளின் பயிர்நிலம் சுருங்கியது. சொந்த மலையில் கூலியாட்களானார்கள் பலர். சமவெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதே காலத்தில் கங்காணிகள் சேலம், திருச்சி, மதுரை கிராமங்களில் ஆள் பிடித்து இலங்கையின் காபி மலைகளுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். 1876இல் தொடங்கிய தாதுவருஷப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஆக, எங்கள் சமவெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏழை ஒருவர் மலையேறினார் என்றால் கையில் கட்டுச்சோறு இருந்திருக்காது. பசிக்குத்தான் ஏறினார்.

*

மலை தயார், சாலை தயார். ஆனால் அவுட்டிங் போக ஒரு நாள் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது ஆதியிலிருந்தே இருப்பதுபோல நமக்குத் தோன்றும். இந்திய ஆலைத் தொழிலாளிக்கு அது வாங்கித்தந்த மனிதர் ஒருவர் இருக்கிறார்: நாராயண் மேகாஜி லோகண்டே. பம்பாய்க்காரர், ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர், 'தீனபந்து' பத்திரிகையை நடத்தியவர். 1884இல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி வாரம் ஒரு நாள் ஓய்வு கேட்டார். வெள்ளைக்காரனுக்கு ஞாயிறு சர்ச் என்றால், எங்களுக்கு அது கண்டோபா சாமியின் நாள் என்று வாதம் வைத்தார். பாருங்கள், இங்கேயும் சாமிதான் லீவு லெட்டர். ஆறு வருடப் போராட்டத்துக்குப் பின் 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஒத்துக்கொண்டார்கள். மறுவருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார ஓய்வு நுழைந்தது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1948ஆம் வருடச் சட்டம்தான் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்தது. தமிழ்நாட்டில் பண்டிகை விடுமுறைக்கென்று 1958இல் தனிச் சட்டம்.

ஆனால் அந்தத் தொழிற்சாலைச் சட்டம் பிடிக்க வேண்டுமென்றால் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. எங்கள் ஊர் விசைத்தறிப் பட்டறைகள் பலவற்றில் நான்கு பேர், ஆறு பேர். ஒரு பட்டறையில் நாலு, சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு நாலு. அம்மாயி காட்டில் பருத்தி எடுத்தார், ஏலத்துக்கு மூட்டை கட்டினார், மிச்ச நேரத்தில் பட்டறைக்குத் தார் சுற்றிக்கொடுத்தார். இந்த மூன்றில் எதற்குமே ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பருத்தி வெடிப்பது கிழமை பார்த்து இல்லை. ஏற்காட்டுக்கு ஏன் போகலைங்கம்மாயி என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அங்க என்ன சாமி இருக்குது, போறதுக்கு?" அப்போது எனக்கு அது பக்தியாகத் தெரிந்தது. இப்போது தொழிலாளர் சட்டமாகத் தெரிகிறது.

*

கூட்டமாக ஒரு நாள் ஜாலியாகப் போய்வருவது என்ற வியாபாரத்தின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1841 ஜூலை 5. இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் ஐந்நூறு பேரை ரயிலில் கூட்டிப்போனார் மரத்தச்சர் ஒருவர். போய்வர ஒரு ஷில்லிங். தொழிலாளர்கள் சாராயக்கடைக்குப் போவதற்குப் பதில் இப்படிப் போகட்டும் என்பது நோக்கம். போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்தது மதுவிலக்குக் கூட்டம். அவர் பெயர் தாமஸ் குக். உலகப் பயண ஏஜென்சிகளுக்கெல்லாம் முப்பாட்டன் ஒரு மதுவிலக்குப் பிரசாரகர்.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் அவுட்டிங்கில் முதலில் முடிவாகும் விஷயம் சரக்குதான். அப்புறம்தான் தேதி. கம்பெனிப் பணத்தில் மது வாங்கக் கூடாது என்பது விதி; அதனால் தனியாக வசூல், தனியாக ஒரு வாட்ஸப் குரூப், அதற்கு 'ஜூஸ் கமிட்டி' என்று பெயர். ஜூஸ் கமிட்டி மட்டும் ஒருநாளும் டெட்லைன் தவறியதில்லை.

இது நடக்கும் மண் எது? இந்தியாவின் மதுவிலக்கு வரலாற்றில் சேலத்துக்குத் தனி இடம். ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் வைத்தது எங்களுக்குப் பக்கத்தில், திருச்செங்கோட்டை ஒட்டிய புதுப்பாளையத்தில். மதுவிலக்குக்காகவே அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். அதற்கு உதவியாசிரியராக வந்து அந்தப் பொட்டல்காட்டில் உட்கார்ந்திருந்தவர் கல்கி. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1ஆம் தேதி, மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அன்றைக்கு மல்லசமுத்திரமும் சேலம் ஜில்லா, ஏற்காடும் சேலம் ஜில்லா. கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுதான் ஆரம்பம். குடிக்காதவனும் வரி கட்டுகிறான், குடிக்கிறவனும் கட்டுகிறான். அப்புறம் 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971இல் தளர்வு, 1983இல் டாஸ்மாக், 2003இல் அதுவே சில்லறைக் கடையும். மது திரும்பி வந்தது, வரி போகவில்லை. எங்கள் ரிசார்ட் பில்லின் அடியில் இரண்டு வரிகளாக நிற்கும் ஜிஎஸ்டியைப் பார்க்கும்போதெல்லாம் புதுப்பாளையத்து ஆசிரமம் ஞாபகம் வருகிறது.

*

கடைசியாகப் போனது 2023 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. நாங்கள் தங்கிய மரவீடு காபித் தோட்டத்துக்கு நடுவே இருந்தது. சில்வர் ஓக் மரங்கள் மேலே, அதில் மிளகுக் கொடி, கீழே காபி. ஜனவரி என்றால் பழம் எடுக்கும் காலம். செடியெல்லாம் சிவப்புச் சிவப்பாக இருந்தது. வீட்டுக்கு எதிரே சிமெண்ட் பூசிய பெரிய தளம். மைதானம் என்று நினைத்து அதில் கயிறிழுக்கும் போட்டியை வைத்தார்கள். பேக்எண்ட் ஒரு பக்கம், ஃப்ரண்ட்எண்ட் ஒரு பக்கம். இரண்டாவது சுற்றில் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்தார். அவசரமே இல்லாத குரல்.

"சார், களத்தைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா தேவலைங்க. பழம் எடை போடோணும்."

அப்போதுதான் அது காபி காயவைக்கும் களம் என்று தெரிந்தது. இருபது முப்பது பெண்கள் மூட்டைகளோடு வந்து வரிசையாக இறக்கினார்கள். தராசு வந்தது. எங்கள் ஆட்கள் ஓரமாகப் போய் நின்று போட்டோ எடுத்தார்கள், ஒருவர் பழத்தைக் கடித்துப் பார்த்து இனிக்குது என்று ஆச்சரியப்பட்டார். எடைக்குக் காத்திருந்த ஒரு அம்மா என்னிடம் பேச்சுக்கொடுத்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

"மல்லசமுத்திரங்க."

"அட, எம் மவன் ஆட்டையாம்பட்டியில தறி ஓட்டறான். உங்க பக்கந்தான்." மலையிலிருந்து இறங்கி எங்கள் சமவெளிக்கு வேலைக்கு வந்த பையன். "இன்னிக்கு லீவுங்களா?"

"லீவு மாதிரிதானுங்க. ஆபீஸ்ல கூட்டிட்டு வந்திருக்காங்க."

"சம்பளம் உண்டுங்களா?"

"உண்டுங்க."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப இதுவும் வேலைதான்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தராசுக்கு நகர்த்தினார்.

மேனேஜ்மென்ட் புத்தகங்கள் டீம் பில்டிங் என்று நூறு பக்கம் எழுதுவதை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு இந்த நாள்கள் பிடிக்காது என்றில்லை. உண்மையாகவே பிடிக்கும். வருடம் முழுக்கத் திரையில் முகமாக மட்டும் தெரிந்த ஒருவர் கொண்டை ஊசி வளைவில் பாட்டுப் பாடுவதைக் கேட்பது நல்ல விஷயம். ஆனால் இது வேலையின் கை நீட்சி என்பதை மறைக்கத்தான் இத்தனை பலூன் தேவைப்படுகிறது. கட்டுச்சோற்றுக்குப் பலூன் கிடையாது.

ஊருக்குத் திரும்பி 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தோட்ட முதலாளி தன் தொழிலாளிகளுக்குப் பொழுதுபோக்கு வசதி செய்துதர வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என அதில் ஒரு பிரிவு இருந்தது. இன்னொரு பிரிவு குடை, கம்பளி, மழைக்கோட்டு பற்றிப் பேசியது. குளிரும் மழையும் உள்ள மலையில் நிற்கும் ஒரு உடம்பை நினைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்து எழுதிய வரிகள். களத்தில் நான் பார்த்த பெண்கள் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட ஜாக்கெட் கொடுத்திருந்தார்கள், ஆளுக்கொன்று.

ஆளுக்கொன்று என்றால் பதினான்கு. எங்கள் டீமில் பதினைந்து பேர். பதினைந்தாவது ஆள் கான்ட்ராக்ட். மூன்று வருடமாக என் பக்கத்து இருக்கை. டேட்டாபேஸில் எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் வேறொரு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பதால் அவுட்டிங் பட்டியலில் வர முடியாது. சட்டச் சிக்கலாகும், நாளைக்கே நிரந்தர ஊழியர் என்று உரிமை கேட்டுவிடலாம் என்பது காரணம். விளையாட்டுக்குக் கூட்டிப்போனால் ஊழியர் என்று ஆகிவிடும்! அந்த அம்மா சொன்னது சட்டப்படியும் சரிதான் போலிருக்கிறது.

நாங்கள் எல்லோரும் மலையில் இருந்த அந்தச் சனிக்கிழமை ஆன்கால் அவரிடம் இருந்தது. சர்வர் இரண்டு முறை விழுந்திருக்கிறது. இரண்டு முறையும் யாரையும் கூப்பிடாமல் தானே எழுப்பி நிறுத்தியிருக்கிறார். திங்கட்கிழமை காலை லாகைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் தடவை மணி நாலு பத்து. களத்தில் தராசு வைத்த நேரம்.

"ஏன் கூப்பிடல?" என்றேன்.

"நீங்க ஜாலியா இருப்பீங்கன்னு." போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலர்க் கண்காட்சிக்குப் போகலாம் என்று இருக்கிறாராம். அவருக்கு ஊர் ராசிபுரம், இதுவரை ஏற்காட்டைப் பார்த்ததில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் போனதெல்லாம் முதலில் பள்ளிக்கூடப் பஸ்ஸில், அப்புறம் டெம்போ டிராவலரில்.